பசியும் ஆனந்தமும்

பசி வயிற்றில் பிறக்கிறது என்றே நாம் அனைவரும் எண்ணிக்கொண்டிருக்கிறோம். வயிறு காலியானால் பசிக்கிறது. நிரம்பினால் பசி அடங்குகிறது. இதைவிட எளிய கணக்கு வேறு உண்டோ? ஆனால் சற்றே நின்று சிந்தித்தால் இக்கணக்குச் சரியாக வருவதில்லை என்பது விளங்கும். விருந்தில் அமர்ந்து, போதும் போதும் என்று இலையின்மேல் கையைக் கவித்தவன், பாயசம் வருகிறது என்றதும் கையை எடுத்துவிடுகிறான். கடுங்காய்ச்சலில் கிடப்பவன், இரண்டு நாள் உண்ணாதிருந்தும், சோற்றைக் கண்டால் முகத்தைத் திருப்பிக்கொள்கிறான். தேர்வுக்கு முதல் நாள் ஒரு மாணவனுக்கு ஒரு கவளமும் தொண்டைக்குள் இறங்குவதில்லை. அவனுடைய தோழனோ புத்தகமும் கையுமாக அமர்ந்து முறுக்கைக் கொறித்துக்கொண்டே இருக்கிறான். இவர்களுடைய வயிறுகளில் வேற்றுமை இல்லை. வேற்றுமை வேறிடத்தில் இருக்கிறது.

அந்த இடம் மூளை. மூளையின் அடிப்பகுதியில் பாதாம் பருப்பளவேயான ஓர் உறுப்பு இருக்கிறது. அதற்கு ஹைபோதலாமஸ் என்று பெயர். உடலின் வெப்பம், தாகம், உறக்கம், பசி ஆகியவற்றை எல்லாம் அளவறிந்து நடத்துவது அச்சிறு பகுதியே. உடலின் பல மூலைகளிலிருந்தும் அதற்குச் செய்திகள் வந்துகொண்டேயிருக்கின்றன. அச்செய்திகளுள் பலவற்றைச் சுமந்து வருபவை ஹார்மோன்கள். நாளமில்லாச் சுரப்பிகளும் பிற உறுப்புகளும் சுரந்து இரத்தத்தில் கலக்கும் நுண்ணிய இரசாயனத் தூதர்களையே ஹார்மோன்கள் என்கிறோம். இத்தூதர்கள் கொண்டுவரும் செய்திகளை மூளை எவ்வாறு பசியாகவும் நிறைவாகவும் மாற்றிக்கொள்கிறது? இவ்வினாவிற்குரிய விடையில் ஒரு பகுதி, யாரும் எதிர்பாராத வழியில், ஒரு செடியை ஆராய்ந்ததால் கிடைத்தது.

அச்செடி கஞ்சா. அதனை உண்டவர்களுக்கும் புகைத்தவர்களுக்கும் மயக்கத்தோடு பெரும்பசியும் உண்டாகும் என்பது நம் நாட்டில் நெடுங்காலமாக அறிந்த செய்தி. கல்கத்தா மருத்துவக் கல்லூரியில் பணியாற்றிய வில்லியம் ஓஷானஸி என்ற மருத்துவர், 1839ஆம் ஆண்டில் இச்செடியைப் பற்றிய தம் ஆராய்ச்சிகளை வெளியிட்டார். அது நோவைத் தணிக்கிறது, மனத்திற்குக் களிப்பூட்டுகிறது என்பவற்றோடு, பசியைக் குறிப்பிடத்தக்க அளவில் பெருக்குகிறது என்றும் அவர் எழுதினார். ஒரு செடியின் இலையும் பூவும் மனிதனின் பசியை ஏன் கிளற வேண்டும்? அந்த ஏன் என்ற கேள்விக்கு விடை காண ஒன்றரை நூற்றாண்டு பிடித்தது.

காலதாமதத்திற்குக் காரணம் உண்டு. அபினியிலிருந்து மார்பினை 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே பிரித்தெடுத்துவிட்டார்கள். கோக்கா இலையிலிருந்து கோக்கேனையும் 1860ஆம் ஆண்டையொட்டிப் பிரித்துவிட்டார்கள். கஞ்சாவின் சாரமோ பிசுபிசுக்கும் எண்ணெய்த் தன்மை உடையது. ஒத்த தன்மையுள்ள பல பொருள்கள் அதில் ஒன்றோடொன்று கலந்து கிடக்கின்றன. இஸ்ரேல் நாட்டின் வைஸ்மன் விஞ்ஞானக் கழகத்தில் பணிபுரிந்த ரபேல் மெசூலம் என்ற இரசாயன அறிஞர் இச்சிக்கலை அவிழ்க்க முற்பட்டார். காவல்துறையினர் கைப்பற்றி வைத்திருந்த 5 கிலோ கஞ்சாப் பிசினைப் பெற்று, பொதுமக்கள் செல்லும் பேருந்திலேயே அதனை ஆய்வுக்கூடத்திற்கு எடுத்துச் சென்றாராம்! 1964ஆம் ஆண்டில் அவரும் யெஹியேல் காவோனியும் மயக்கம் தரும் மூலப்பொருளைத் தூய நிலையில் பிரித்து, அதன் அமைப்பையும் வெளியிட்டார்கள். டெட்ராஹைட்ரோகன்னாபினால் என்ற அதன் நெடும்பெயரை டி.எச்.சி. என்று சுருக்கி வழங்குகிறார்கள். இவ்வகைப் பொருள்களுக்குக் கன்னாபினாய்டுகள் என்பது பொதுப்பெயர். கஞ்சாச் செடியின் தாவரவியற் பெயரான கன்னாபிஸ் என்பதிலிருந்து பிறந்த சொல் அது.

பூட்டு இல்லாமல் சாவிக்குப் பயனில்லை. டி.எச்.சி. என்னும் சாவி மூளையில் ஏதோ ஒன்றைத் திறக்கிறது என்றால், அதற்குப் பொருந்தும் பூட்டு ஒன்று அங்கே இருந்தாக வேண்டும். 1988ஆம் ஆண்டில் அமெரிக்காவின் செயின்ட் லூயி பல்கலைக்கழகத்தில் ஆலின் ஹௌலட், வில்லியம் டெவேன் ஆகியோர் எலியின் மூளையில் அப்பூட்டைக் கண்டறிந்தார்கள். இத்தகைய பூட்டை விஞ்ஞானிகள் ஏற்பி என்பார்கள். இதற்குச் சி.பி.1 என்று பெயரிட்டார்கள். 1993ஆம் ஆண்டில் சி.பி.2 என்ற மற்றோர் ஏற்பியும் தெரியவந்தது. முன்னது மூளையிலும் நரம்புகளிலும் மிகுதி. பின்னது பெரும்பாலும் நோய் எதிர்ப்புப் பணியைச் செய்யும் உயிரணுக்களில் காணப்படுவது.

இப்போது ஒரு கேள்வி எழுகிறது. எங்கோ விளையும் ஒரு செடியின் சாற்றுக்காகவா இயற்கை நம் மூளையில் பூட்டு அமைத்து வைத்தது? அவ்வாறு இருக்க முடியாது. உடல் தானே செய்துகொள்ளும் சாவி ஒன்று உள்ளே இருக்க வேண்டும். 1992ஆம் ஆண்டில் ஜெருசலேமில் மெசூலத்தின் குழுவினர் பன்றியின் மூளையிலிருந்து அச்சாவியைப் பிரித்தெடுத்தார்கள். அது கொழுப்பமிலம் ஒன்றிலிருந்து உருவாகும் பொருள். அதற்கு என்ன பெயர் சூட்டினார்கள் தெரியுமா? ஆனந்தமைடு! ஆனந்தம் என்ற வடமொழிச் சொல்லே உலக விஞ்ஞான நூல்களில் இவ்வாறு இடம்பெற்றது. 1995ஆம் ஆண்டில் 2-ஏ.ஜி. எனப்படும் இரண்டாவது பொருளும் கண்டுபிடிக்கப்பட்டது. இவ்விரு பொருள்களும், இவற்றை ஏற்கும் ஏற்பிகளும், இவற்றை ஆக்கியும் அழித்தும் வரும் நொதிகளும் சேர்ந்ததே உடலின் கன்னாபினாய்டு மண்டலம்.

இம்மண்டலம் வேலை செய்யும் முறை விந்தையானது. நரம்பணுக்கள் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டிருப்பதில்லை. இரண்டிற்கும் நடுவே மிக நுண்ணிய இடைவெளி உண்டு. முன்னுள்ள அணு ஓர் இரசாயனப் பொருளை அவ்விடைவெளியில் விடுகிறது. பின்னுள்ள அணு அதனை ஏற்றுச் செய்தியை அறிகிறது. செய்தி எப்போதும் ஒரே திசையில்தான் செல்லும் என்று நெடுங்காலம் நம்பினார்கள். ஆனால் ஆனந்தமைடும் 2-ஏ.ஜி.யும் எதிர்த்திசையில் செல்கின்றன என்பதை 2001ஆம் ஆண்டில் வெளியான ஆராய்ச்சிகள் காட்டின. வானொலி நிலையம் பேசுகிறது, நேயர்கள் கேட்கிறார்கள். நிகழ்ச்சி அளவுக்கு மிஞ்சினால், ‘சற்றுக் குறைத்துக்கொள்ளுங்கள்’ என்று நேயர் ஒருவர் நிலையத்திற்கே கடிதம் எழுதுகிறார் அல்லவா? அத்தகைய கடிதங்களே இப்பொருள்கள். செய்தியைப் பெற்ற அணு இவற்றை அந்தக் கணமே ஆக்கி, செய்தி அனுப்பிய அணுவிற்குத் திருப்பி அனுப்புகிறது. வேலை முடிந்ததும் நொதிகள் இவற்றை அழித்துவிடுகின்றன. தேவைப்படும் இடத்தில், தேவைப்படும் பொழுதில், தேவைப்படும் அளவு என்பதே இம்மண்டலத்தின் நெறி.

‘குறைத்துக்கொள்’ என்று சொல்லும் பொருள் பசியை எவ்வாறு கூட்டும் என்று நீங்கள் கேட்கலாம். வண்டி மாட்டை விரைந்து ஓடச் செய்ய இரண்டு வழிகள் உள்ளன. ஒன்று தார்க்குச்சியால் குத்துவது. மற்றொன்று இழுத்துப் பிடித்த மூக்கணாங்கயிற்றைத் தளர்த்துவது. கன்னாபினாய்டுகள் பெரும்பாலும் இரண்டாவது வழியில் செல்கின்றன. உண்டது போதும் என்று தடுத்துக்கொண்டிருக்கும் நரம்புச் செய்திகளை அவை தளர்த்திவிடுகின்றன. அதற்கு மேலும் ஒரு வியப்பை 2015ஆம் ஆண்டில் யேல் பல்கலைக்கழகத்தில் தாமஸ் ஹோர்வாத்தும் அவருடைய குழுவினரும் எலிகளிடம் கண்டார்கள். வயிறு நிறைந்தது என்று அறிவிப்பதற்கென்றே ஹைபோதலாமஸில் ஒரு வகை நரம்பணுக்கள் இருக்கின்றன. கன்னாபினாய்டுகளின் தூண்டுதலால் அதே அணுக்கள் நிறைவூட்டும் ஹார்மோனை விடுத்து, பசியை வளர்க்கும் எண்டார்பின் என்ற பொருளை வெளியிடத் தொடங்கின. காவலுக்கு நின்றவனே கதவைத் திறந்துவிட்டதைப் போன்ற செயல் இது.

அப்படியானால் இக்கதவு எப்போதும் திறந்து கிடக்காமல் காப்பது யார்? இங்கேதான் ஹார்மோன்கள் வருகின்றன. 1949ஆம் ஆண்டில் அமெரிக்காவின் ஜாக்சன் ஆய்வுக்கூடத்தில் அளவின்றி உண்டு உருண்டையாகப் பருத்த சுண்டெலி ஒன்று பிறந்திருப்பதைக் கண்டார்கள். அதன் வழிவந்த எலிகளை ஆராய்ந்து, 1994ஆம் ஆண்டில் ஜெஃப்ரி ஃபிரீட்மன் குழுவினர் காரணத்தை அறிந்தார்கள். உடலின் கொழுப்புத் திசு ஒரு ஹார்மோனைச் சுரக்கிறது. கிடங்கில் எவ்வளவு இருப்பு இருக்கிறது என்று மூளைக்கு அறிவிப்பதே அதன் பணி. அந்த எலிகளுக்கு அந்த ஹார்மோன் இல்லை. ஆகவே கிடங்கு நிரம்பி வழிந்தும் மூளை அதனை அறியவில்லை. மெலிவு என்று பொருள்படும் கிரேக்கச் சொல்லைக்கொண்டு அந்த ஹார்மோனுக்கு லெப்டின் என்று பெயரிட்டார்கள்.

இந்த லெப்டினுக்கும் கன்னாபினாய்டுகளுக்கும் உள்ள உறவை 2001ஆம் ஆண்டில் வின்சென்சோ டி மார்சோ, ஜார்ஜ் குனோஸ் ஆகியோரின் குழுவினர் வெளிப்படுத்தினார்கள். லெப்டின் இல்லாத எலிகளின் ஹைபோதலாமஸில் கன்னாபினாய்டுகள் மிகுந்திருந்தன. லெப்டினைச் செலுத்தியதும் குறைந்தன. அதாவது, இருப்பு நிறைந்தது என்ற செய்தி வந்தால் கயிறு இறுகுகிறது, வராவிட்டால் தளர்கிறது. இதற்கு நேர்மாறான தூதன் கிரெலின். 1999ஆம் ஆண்டில் ஜப்பானிய அறிஞர்கள் கண்டறிந்த இந்த ஹார்மோனைச் சுரப்பது வயிறு. உணவு வேளை நெருங்கும்போது அது இரத்தத்தில் உயர்கிறது. பசியைத் தூண்டும் அதன் வேலைக்குக் கன்னாபினாய்டு மண்டலமும் துணை நிற்கிறது.

‘பசி ருசி அறியாது’ என்பது நம் பழமொழி. பசித்தவனுக்குப் பழைய சோறும் அமிழ்தாகிறது என்ற உண்மையை நம் முன்னோர் இவ்வாறு சுருக்கிச் சொன்னார்கள். அந்த அமிழ்தச் சுவை எங்கிருந்து வருகிறது என்பதை இன்றைய விஞ்ஞானம் கூறுகிறது. 2010ஆம் ஆண்டில் ஜப்பானில் நடந்த சோதனையில், சுண்டெலிகளின் நாக்கில் இனிப்பை அறியும் அணுக்களைக் கன்னாபினாய்டுகள் கூர்மைப்படுத்துவது தெரிந்தது. லெப்டினோ அதே உணர்வை மழுக்குகிறது. 2014ஆம் ஆண்டில் பிரான்சில் நடந்த சோதனையில், பட்டினி கிடந்த எலிகளின் மூளையில் மணத்தை அறியும் பகுதியிலும் இம்மண்டலம் வேலை செய்து, உணவின் மணத்தை ஓங்கச் செய்வது புலனாயிற்று. 2011ஆம் ஆண்டில் கலிபோர்னியாவில் நடந்த ஆராய்ச்சி, கொழுப்புணவு எலியின் நாவில் பட்ட அளவிலேயே அதன் சிறுகுடலில் கன்னாபினாய்டுகள் பெருகுவதைக் காட்டியது. சர்க்கரைக்கும் புரதத்திற்கும் அந்த ஆற்றல் இல்லை. எண்ணெயில் பொரித்த பண்டங்களை ஒன்றோடு நிறுத்துவது ஏன் கடினம் என்பதற்கு இதில் ஒரு குறிப்பு இருக்கிறது அல்லவா?

இம்மண்டலத்தின் தேவையை மிகத் தெளிவாக உணர்த்துவது பிறந்த குட்டியின் வாழ்க்கை. 2001ஆம் ஆண்டில் எஸ்தர் பிரைடும் அவருடைய குழுவினரும் அப்போதுதான் பிறந்த சுண்டெலிக் குட்டிகளுக்குச் சி.பி.1 ஏற்பியை அடைக்கும் மருந்தைக் கொடுத்துப் பார்த்தார்கள். குட்டிகள் தாயிடம் பால் குடிக்கவில்லை. சில நாட்களில் இறந்தன. தாய்ப்பாலிலும் 2-ஏ.ஜி. இருக்கிறது. உயிர் தன் முதல் உணவை நாடுவதற்கே இம்மண்டலம் உதவுகிறது என்றால், இதனைப் போதைப் பொருளோடு மட்டும் சேர்த்து எண்ணுவது எவ்வளவு தவறு!

பசியோடு இதன் வேலை முடிந்துவிடவில்லை. அச்சமோ நெருக்கடியோ நேரும்போது, ஹைபோதலாமஸ் பிட்யூட்டரிச் சுரப்பியை ஏவுகிறது. பிட்யூட்டரி சிறுநீரகத்தின் மேலுள்ள அட்ரினல் சுரப்பியை ஏவுகிறது. அட்ரினல் கார்டிசால் என்ற ஹார்மோனைச் சுரக்கிறது. நெருக்கடி நீங்கியபின் இந்த ஏவல் அடங்க வேண்டும். அடங்காவிட்டால் உடல் தளரும், உள்ளம் நலியும். கார்டிசால் போன்ற ஹார்மோன்கள் மூளையை அடைந்ததும், ஹைபோதலாமஸின் நரம்பணுக்கள் கன்னாபினாய்டுகளை வெளியிடுகின்றன. அவை ஏவலைத் தொடங்கிய அணுக்களை அமைதிப்படுத்துகின்றன. 2003ஆம் ஆண்டில் எலிகளின் மூளையில் இது காணப்பட்டது. ஆக, பசியைத் திறக்கும் அதே கை, அச்சத்தை அடக்கவும் செய்கிறது. இதை நினைவில் வைத்துக்கொண்டால், இனி நான் சொல்லப்போகும் வரலாற்றின் பொருள் நன்கு விளங்கும்.

உணவு அரிதாகக் கிடைத்த காலத்தில், கிடைத்தபோது மிகுதியாக உண்டு, அதனைக் கொழுப்பாகச் சேமித்து வைத்த உயிரே பஞ்சத்தைத் தாண்டியது. அதற்கு இம்மண்டலம் பெருந்துணையாக இருந்திருக்க வேண்டும். சி.பி.1 ஏற்பிகள் கல்லீரலிலும் கொழுப்புத் திசுவிலும்கூட இருந்து சேமிப்புக்கு உதவுகின்றன. ஆனால் தெருவுக்குத் தெரு தின்பண்டம் கிடைக்கும் இக்காலத்தில், அன்று காத்த குணமே இன்று சுமையாகிவிட்டது. உடற்பருமன் பெருகி, அதன் பின்னே நீரிழிவும் இருதய நோயும் வருகின்றன. எனவே, சி.பி.1 ஏற்பியை ஒரு மருந்தால் அடைத்துவிட்டால் பருமன் தீரும் என்று மருந்து ஆராய்ச்சியாளர்கள் கருதினார்கள். அவ்வாறு பிறந்த மருந்து ரிமோனபான்ட்.

தொடக்கத்தில் அது பெரும் நம்பிக்கை அளித்தது. 2005ஆம் ஆண்டில் வெளியான ஐரோப்பிய ஆய்வில், ஓராண்டு அம்மருந்தை நாளொன்றுக்கு 20 மில்லிகிராம் உண்டவர்கள் சராசரியாக 6.6 கிலோ எடை குறைந்தார்கள். வெற்று மாத்திரை உண்டவர்கள் குறைந்ததோ 1.8 கிலோதான். 2006ஆம் ஆண்டில் ஐரோப்பிய நாடுகள் அதனை விற்க இசைவு தந்தன. ஆனால் அமெரிக்க அரசின் ஆலோசனைக் குழுவினர் 2007ஆம் ஆண்டில் ஒருமனதாக மறுத்துவிட்டார்கள். மருந்தை உண்டவர்களிடம் வேறொரு மாற்றம் தென்பட்டதே காரணம். பலர் மனச்சோர்வுக்கும் காரணமற்ற கலக்கத்திற்கும் ஆளானார்கள். சிலர் உயிரையே வெறுக்கத் தொடங்கினார்கள். 18,695 பேரைக்கொண்டு நடந்த பெரிய ஆய்வொன்று 2008ஆம் ஆண்டில் இடையிலேயே நிறுத்தப்பட்டது. அதில் மருந்து உண்டவர்களுள் நால்வரும், வெற்று மாத்திரை உண்டவர்களுள் ஒருவரும் தற்கொலை செய்துகொண்டிருந்தார்கள். அவ்வாண்டு அக்டோபரில் ஐரோப்பாவில் விற்பனை நிறுத்தப்பட்டது. 2009ஆம் ஆண்டில் இந்திய அரசும் அம்மருந்தைத் தடை செய்தது.

நடந்தது என்ன? பசியின் கதவை அடைக்கச் சென்றவர்கள் ஆனந்தத்தின் கதவையும் சேர்த்து அடைத்துவிட்டார்கள். இரண்டும் ஒரே கதவு. அச்சத்தை அடக்கும் கையும் கட்டுண்டது. 1992ஆம் ஆண்டில் சூட்டிய பெயர் எவ்வளவு பொருத்தமானது என்பது இவ்வாறு துயரத்தின் வழியே தெரியவந்தது. இப்பாடத்தை மறவாமல், மூளைக்குள் மிகுதியாகப் புகாமல் கல்லீரல், கொழுப்புத் திசு முதலிய உறுப்புகளில் மட்டும் வேலை செய்யும் மருந்துகளைத் தேடத் தொடங்கினார்கள். அவ்வகையைச் சேர்ந்த மொன்லுனபான்ட் என்ற மருந்தின் ஆய்வு முடிவு 2024ஆம் ஆண்டில் வெளியாயிற்று. எடை குறைந்தது உண்மை. எனினும் மருந்தின் அளவு கூடக்கூட மனக்கலக்கமும் எரிச்சலும் உறக்கக் குறைவும் அங்கும் தலைகாட்டின.

ஏற்பியை அடைப்பது தீங்கு என்றால், கஞ்சாவைப் புகைத்து அதனைத் தூண்டிக்கொண்டே இருப்பது நன்மையோ என்று ஒருவர் வாதிடக்கூடும். அதுவும் தவறு. செயற்கையாகச் செய்த டி.எச்.சி. மருந்து அமெரிக்காவில் புற்றுநோய் சிகிச்சையால் வரும் வாந்திக்கு 1985ஆம் ஆண்டு முதலும், எய்ட்ஸ் நோயாளிகளின் பசியின்மைக்கு 1992ஆம் ஆண்டு முதலும் மருத்துவர்களால் அளிக்கப்பட்டு வருகிறது. அது அளவறிந்த மருத்துவம். புகையில் வரும் பொருளோ இடமும் பொழுதும் அறியாது, மூளை முழுவதையும் ஒரே நேரத்தில் நிறைத்துவிடுகிறது, எளிதில் அழிவதுமில்லை. ஓயாமல் கதவைத் தட்டினால் வீட்டார் கதவை எடுத்துவிடுவதைப் போல, நாள்தோறும் புகைப்பவர்களின் மூளையில் சி.பி.1 ஏற்பிகள் குறைந்துவிடுகின்றன என்று 2012ஆம் ஆண்டில் வெளியான ஆய்வு காட்டியது. சுமார் நான்கு வாரம் விலகியிருந்த பின்னரே அவை பெரும்பாலும் மீண்டன. நெடுநாள் மிகுதியாகப் புகைத்தவர்களுள் சிலருக்கு அடங்காத வாந்தி நோய் வருவதை 2004ஆம் ஆண்டில் ஆஸ்திரேலிய மருத்துவர்கள் விவரித்தார்கள். வாந்தியை நிறுத்த உதவும் பொருளே வாந்தியை உண்டாக்குகிறது! இளைஞர்களின் மூளை இருபது வயதைத் தாண்டியும் வளர்ந்து முதிர்கிறது. அம்முதிர்ச்சியிலும் இம்மண்டலத்திற்குப் பங்கு உண்டு. ஆகவே அவர்களுக்கு வரும் கேடு இன்னும் பெரிது.

அப்படியானால் இந்த அறிவால் மாணவர்களுக்கு ஆகும் பயன் யாது? மருந்தும் வேண்டாத, செலவும் இல்லாத ஒரு பயன் உண்டு. 2016ஆம் ஆண்டில் சிகாகோ பல்கலைக்கழகத்தில் நல்ல உடல்நலமுள்ள 14 இளைஞர்களை ஆராய்ந்தார்கள். அவர்களை நான்கு இரவுகள் எட்டரை மணி நேரமும், வேறு நான்கு இரவுகள் நாலரை மணி நேரமுமே படுக்கையில் இருக்கச் செய்தார்கள். இரத்தத்தில் 2-ஏ.ஜி.யின் அளவு இரவில் தாழ்ந்து, நண்பகலைக் கடந்ததும் உயர்வது இயல்பு. உறக்கம் குறைந்தவர்களிடம் அது இயல்பினும் மிகுதியாக உயர்ந்து, இரவு தொடங்கும் வரை தணியாமல் நின்றது. சற்றுமுன்தான் வயிறார உண்டிருந்தும், தின்பண்டங்களைக் கண்டபோது அவர்களால் கையை அடக்க இயலவில்லை. கொழுப்பு மிகுந்த பண்டங்களையே மிகுதியாக உண்டார்கள்.

தேர்வு நெருங்க நெருங்க உறக்கத்தைச் சுருக்கிக்கொள்ளும் மாணவனுக்கு மாலையில் எழும் அந்த அடங்காப் பசி, அவனுடைய மனவுறுதியின் குறை அன்று. உறங்காத உடல் மூக்கணாங்கயிற்றைத் தளர்த்திவிட்டது என்பதே அதன் பொருள். தன்னை நொந்துகொள்வதாலோ பட்டினி கிடப்பதாலோ அது சரியாகாது. விளக்கை அணைத்துவிட்டு உரிய நேரத்தில் உறங்கச் செல்வதே அதற்கு ஏற்ற மருந்து. பசியும் உறக்கமும் அச்சமும் ஆனந்தமும் தனித்தனிக் கிணறுகள் அல்ல. அடியில் ஒரே ஊற்றால் இணைந்தவை. ஒன்றில் அளவின்றி இறைத்தால் மற்றவற்றிலும் நீர் வற்றும். இதனை அறிந்து உண்பவனும் உறங்குபவனும் உடலோடு போராட வேண்டியதில்லை. உடலே அவனுக்குத் துணையாக நிற்கும்.